மேற்கு ஆஸ்திரேலியக் கோதுமை, மாட்டுப் பண்ணையில் பருவ வேலை: சிங்கப்பூரிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்த்துக்கு அப்பால் உள்ள தானியப் பண்ணைகளுக்கு ஒரு பருவம் இயந்திரம் ஓட்டப் போக நினைக்கிற தம்பி தங்கைகள் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். விசாவைப் பற்றி நூறு கேள்வி வரும், இயந்திரத்தைப் பற்றி நாலு வந்தால் அதிகம். ஆனால் அங்கே போன பிறகு சிக்கல் வருவது இயந்திரத்தில்தான். அதனால் இங்கே அந்தப் பக்கத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. கூலி, வரி எண்கள் 2025 ஜூலை 1 முதலான நிதியாண்டுக்கு உரியவை.

அண்ணா, இது பழம் பறிக்கிற வேலை மாதிரியா?

இல்லை. பழத்தோட்டத்தில் கைதான் கருவி, கிலோவுக்குக் கூலி கிடைக்கும். தானியப் பண்ணையில் நாள் முழுக்க ஒரு பெரிய வண்டிக்குள் இருப்பீர்கள், மணிக்கணக்கில் கூலி. கோதுமை, பார்லி, கனோலா என்ற எண்ணெய்வித்து, லூபின் என்ற பருப்பு வகை, ஓட்ஸ் ஆகியவைதான் பயிர்கள். சில ஆயிரம் ஹெக்டேரை நாலைந்து பேர் பார்த்துக்கொள்வார்கள். அதனால்தான் பருவத்துக்கு ஆள் தேடுகிறார்கள்.

கூடவே மாடும் வளர்க்கிற பண்ணையில் வைக்கோல் உருளை தூக்குவது, தீவனம் கலப்பது, தண்ணீர்த் தொட்டி பார்ப்பது, வேலி சரிசெய்வது எல்லாம் உங்கள் தலையில் விழும். "மெஷின் ஆபரேட்டர்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும், மழை நாளில் துடைப்பம் பிடிக்கத் தயாராகப் போங்கள்.

எந்த மாசம் போகணும்? எவ்வளவு நாள் வேலை இருக்கும்?

இரண்டு பருவம் உண்டு. விதைப்பு ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. போர்வீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 ஆன்சாக் தினத்தை ஒட்டி விதைப்பு தொடங்குவது அங்கே பழைய வழக்கம். அறுவடை வடக்கே ஜெரால்டன் பக்கம் அக்டோபரில் தொடங்கி, தெற்கே எஸ்பெரன்ஸ் பக்கம் டிசம்பர் கடைசி, சில ஆண்டுகளில் ஜனவரி வரை இழுக்கும். ஒரு பண்ணையில் ஒரு பருவம் சுமார் ஆறிலிருந்து பத்து வாரம்.

அறுவடைக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். விதைப்புக்கு ஜனவரி, பிப்ரவரியில் தேடுங்கள். தீபாவளி நடு அறுவடையில் வரும். அன்று லீவு கேட்டால் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே போவது நல்லது. பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம் என்பதால், வண்டி நிறுத்தின இடைவேளையில் வீட்டுக்குப் பேசுவதில் குழப்பம் இல்லை.

நான் சிங்கப்பூர்க் குடிமகன். என் நண்பன் இந்திய பாஸ்போர்ட், இங்க ஒர்க் பெர்மிட்ல இருக்கான். ரெண்டு பேரும் போக முடியுமா?

இருவருக்கும் வழி 462 எனப்படும் வேலை-விடுமுறை விசாதான். விண்ணப்பிக்கும்போது வயது 18 முதல் 30-க்குள் இருக்க வேண்டும், உயர்கல்வித் தகுதியும் அடிப்படை ஆங்கிலமும் வேண்டும், திரும்பிவரும் டிக்கெட் செலவு போக 5,000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு காட்ட வேண்டும். விசா 12 மாதம் செல்லும். முன்கூட்டியே முதலாளி யாரும் உங்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

வித்தியாசம் எங்கே என்றால், இந்தியர்களுக்கு 2024-இல்தான் இந்த விசா திறந்தது. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. முதலில் கட்டணம் கட்டிக் குலுக்கலில் பெயர் பதிய வேண்டும், பெயர் விழுந்தால்தான் விண்ணப்பமே போட முடியும். பெயர் விழுவதற்கு முன் இங்குள்ள வேலையை விடச் சொல்லாதீர்கள். வேலையை விட்டால் ஒர்க் பெர்மிட்டும் போய்விடும். சிங்கப்பூர் பிஆர் என்பது இங்கே கணக்கில் வராது, எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதுதான் கணக்கு.

தேசிய சேவைக் கடமை உள்ளவர்கள் வெளிநாட்டில் இருக்கப்போகும் காலத்துக்கு அறிவிப்பு, எக்ஸிட் பெர்மிட் விஷயங்களை டிக்கெட் வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ரிசர்வ் பயிற்சி அழைப்பு நவம்பரில் வந்து பாதி அறுவடையில் திரும்பி வந்தால், அந்தப் பண்ணை அடுத்த ஆண்டு கூப்பிடாது.

ஒரு ஏஜென்ட் வேலை உறுதின்னு 3,000 வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். மேலே சொன்ன விசாவுக்கு முதலாளி தேவையில்லை என்பதால் "ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன்" என்பதே பொய். பண்ணைக்காரர்கள் ஆள் தேடி நேரடியாக விளம்பரம் போடுகிறார்கள், போனில் பத்து நிமிடம் பேசி முடிவெடுக்கிறார்கள். அந்தப் பேச்சில் நீங்களும் நாலு விஷயம் கேளுங்கள்: எந்த ஊர், அஞ்சல் குறியீடு என்ன, மணிக்கு எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் கூலியோடு சேர்ந்ததா பிடித்தமா, என்ன வண்டி கொடுப்பீர்கள். இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் போக வேண்டாம்.

கிளாஸ் 3 லைசென்ஸ்தான் இருக்கு. ஃபோர்க்லிஃப்ட் சர்டிஃபிகேட்டும் இருக்கு. போதுமா?

பண்ணை எல்லைக்குள் டிராக்டரோ அறுவடை இயந்திரமோ ஓட்ட லைசென்ஸ் தடையில்லை. பண்ணைக்குப் பண்ணை பொதுச்சாலையில் போகும்போதுதான் கேள்வி வரும். அங்கே சாதாரண கார் லைசென்ஸ் மொத்த எடை 4.5 டன் வரையான வண்டிக்குத்தான். தானிய லாரிக்கு அதற்குரிய வகுப்பு லைசென்ஸ் வேண்டும், பல இணைப்புப் பெட்டிகளை இழுக்கும் ரோடு ட்ரெயினுக்கு எல்லாவற்றிலும் மேலான வகுப்பு. இங்கே கிளாஸ் 4, 5 வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள், பண்ணைக்காரரின் குரலே மாறும்.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கு அங்கே தனி உயர் அபாயப் பணி உரிமம் வேண்டும். சிங்கப்பூர்ச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது. ஆனால் தூக்கு இயந்திரம் ஓட்டிய கை என்பதற்கு அது ஆதாரம். நீளும் கையுள்ள தூக்கு வண்டியான டெலிஹேண்ட்லரில் வைக்கோல் உருளை அடுக்க உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

ஊர்ல டிராக்டர் ஓட்டியிருக்கேன். அதே மாதிரிதானே?

பாதி சரி. கொக்கி மாட்டுவது, ஹைட்ராலிக் குழாய் சொருகுவது, எஞ்சின் விசையைப் பின்னாலுள்ள கருவிக்குக் கொண்டுபோகும் பிடிஓ தண்டை இணைப்பது எல்லாம் கைக்குப் பழகியிருக்கும், அது பெரிய உதவி. ஆனால் நம்மூர் டிராக்டர் 40, 50 குதிரைத்திறன். அங்கே விதைப்புக்கு இழுக்கிற டிராக்டர் 400, 500-ஐத் தாண்டும், நடுவில் மடங்கித் திரும்பும், பின்னால் 12 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான விதைப்புச் சட்டம் இருக்கும். நீங்கள் வாசலைத் தாண்டிவிட்டீர்கள் என்பதால் சட்டமும் தாண்டிவிட்டது என்று ஆகாது. வேலிக் கம்பம் பிடுங்கிக்கொண்டு வருவது புது ஆட்கள் பலருக்கும் நடக்கிற விபத்து.

ஊர்ப் பழக்கத்தில் விட்டுவிட வேண்டியவையும் உண்டு. மட்கார்டில் ஆள் ஏற்றுவது, பிடிஓ சுற்றிக்கொண்டிருக்கும்போது இறங்கிப் பின்னால் போவது, தொளதொளவென்று சட்டை போடுவது. 1,000 சுற்று வேகத்தில் அந்தத் தண்டு ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு தடவை சுற்றும். துணி மாட்டினால் கை எடுக்க நேரமே இருக்காது. தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் வண்டியை எடுக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

போன உடனே ஹெடர் கொடுப்பாங்களா?

ஹெடர் என்று அங்கே சொல்வது கதிர் அறுத்து, அடித்து, தூற்றித் தரும் அறுவடை இயந்திரம். ஜான் டியர், கேஸ், நியூ ஹாலந்து, கிளாஸ் என்று எந்த நிறுவனத்தின் நிறமானாலும் அது பண்ணையின் மிக விலையுயர்ந்த பொருள். புது ஆளுக்கு வழக்கமாக முதலில் சேஸர் பின் கொடுப்பார்கள். ஹெடர் நிற்காமல் ஓட, அதன் பக்கத்திலேயே ஓடித் தானியத்தை வாங்கிக்கொண்டு வரப்போரத்துச் சேமிப்புத் தொட்டியிலோ லாரியிலோ கொட்டுகிற இழுவைத் தொட்டி அது. அதை ஒழுங்காக ஓட்டினால் முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் ஹெடரில் உட்கார வைப்பார். அடுத்த பருவத்தில் அது உங்களுடையது.

சேஸர் பின்ல அப்படி என்ன கஷ்டம்? பக்கத்துல ஓட்டினா போதாதா?

பக்கத்தில் ஓட்டுவதுதான் கஷ்டம். ஹெடரின் தானியத் தொட்டி 14,000 லிட்டர் என்றால் சுமார் 11 டன் கோதுமை. நல்ல விளைச்சலில் கால்மணி, இருபது நிமிடத்தில் நிரம்பிவிடும். இரண்டு ஹெடர் ஓடும் பண்ணையில் நீங்கள் லாரியிடம் போய்வரும் நேரம் தவறினால் இரண்டு இயந்திரமும் நின்றுவிடும். அதனால் தொட்டி முக்கால் பங்கு ஆனதும் ஓட்டுநர் ரேடியோவில் கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பப் பழகுங்கள்.

கொட்டும் குழாய் ஹெடரின் இடப்பக்கம் இருக்கும். பின்னாலிருந்து இடப்பக்கமாக வந்து, வேகத்தை அவருடைய வேகத்தோடு, மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர், சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெடர் வேகம் மாற்றாது, மாற்றுவது எப்போதும் நீங்கள்தான். வெட்டும் முகப்பு 12 மீட்டர் என்றால் நடுவிலிருந்து இடப்பக்கம் 6 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். புது ஆட்கள் திரும்பித் திரும்பிப் பின்னால் கொட்டுகிற தானியத்தையே பார்ப்பார்கள், டிராக்டர் மெல்ல முகப்பை நோக்கிச் சாயும். முன்னால் பாருங்கள். முகப்பின் ஓரத்தில் ஒரு குறியை எடுத்து, உங்கள் கேபின் கதவு அதற்கு நேராக நிற்கும்படி பிடித்தால் குழாய் தொட்டிக்கு நேராக நிற்கும். எந்தக் குறி என்பதை முதல் நாளே ஹெடர் ஓட்டுநரிடம் கேட்டு வையுங்கள். நிரம்ப நிரம்ப அரை மீட்டர் முன்னேயோ பின்னேயோ நகர்ந்து குவியலைச் சமப்படுத்த வேண்டும். வயலின் முனை வருவதற்குள் அவர் குழாயை நிறுத்துவார், நீங்கள் இடப்பக்கம் விலகிவிட வேண்டும். அவர் திரும்பும் வளைவுக்குள் நிற்காதீர்கள்.

லாரியில் கொட்டும்போது வரிசை முக்கியம். எஞ்சின் சுற்று குறைவாக இருக்கும்போது பிடிஓவைச் சேர்த்து, வேகம் ஏற்றி, திருகு குழாய் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் அடிக்கதவை மெல்லத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் கதவை மூடி, குழாய் காலியாகும் வரை சுற்றவிட்டு, பிறகு பிடிஓவை நிறுத்துங்கள். குழாய் நிறையத் தானியத்தோடு நிறுத்திவிட்டால், அடுத்த முறை சேர்த்தவுடன் வெட்டுபோல்ட் முறியும். அந்த போல்ட் அதற்காகவே வைத்தது. அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்பெட்டி. குழாயை மடிக்காமல் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வரப்போரத்துத் தொட்டியை நகர்த்துவதென்றால் காலியாக மட்டும்.

ஆட்டோஸ்டியர்தான் ஓட்டுதே, நான் எதுக்கு?

ஜிபிஎஸ் கோடு பிடித்து நேராக ஓட்டும், திருத்தச் சமிக்ஞை நன்றாக இருந்தால் ஓரிரு அங்குலம்கூடப் பிசகாது. ஆனால் அதற்குக் கல் தெரியாது, மரம் தெரியாது, எதிரே வருகிற சேஸர் பின் தெரியாது, பள்ளத்தில் ஈரம் தெரியாது. கை சும்மா இருப்பதால் கண் வேலை செய்ய வேண்டும். விதைப்பில் எந்த விதைக்குழாய் அடைத்துவிட்டது என்று திரையில் காட்டும், ஆனால் சென்சார் தூசி பிடித்தால் காட்டாது. ஒவ்வொரு தடவை தொட்டி நிரப்ப நிற்கும்போதும் இறங்கிப் போய் மண்ணைக் கிளறி விதையும் உரமும் சரியான ஆழத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒரு குழாய் இரவு முழுக்க அடைத்துக் கிடந்தால், மூன்று வாரம் கழித்துப் பயிர் முளைத்ததும் வயல் நெடுக ஒரு வெறுங்கோடு தெரியும். யார் ஷிஃப்ட் என்றும் தெரியும்.

போனில் படம் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. பண்ணைக்காரருக்கு அது தெரியாது என்று நினைக்க வேண்டாம், திரும்புகிற இடத்தில் தாமதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஹெடர் பின்னாடி தானியம் போகுதுன்னு சொல்றாங்க. எவ்வளவு போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

திரையில் வரும் இழப்பு மீட்டர் கூடுது குறையுது என்றுதான் சொல்லும், எத்தனை கிலோ என்பது தரையில் தட்டு வைத்து, விழுந்த மணியை எண்ணினால்தான் தெரியும். ஒரு கோதுமை மணி சுமார் 35 மில்லிகிராம். சதுர மீட்டருக்கு 28 மணி கிடந்தால் ஹெக்டேருக்கு 10 கிலோ. ஆனால் 12 மீட்டர் அகலத்தில் அறுத்ததை, வைக்கோலைப் பரப்புகிற சிதறடிப்பானை நிறுத்திவிட்டால், இயந்திரம் பின்னால் ஒன்றரை மீட்டர் பட்டையில் கொட்டும். அதாவது எட்டு மடங்கு அடர்த்தி. அந்தப் பட்டையில் ஒரு சதுர மீட்டரில் 230 மணி இருந்தால்தான் ஹெக்டேருக்கு 10 கிலோ. இந்தக் கணக்கு தெரியாமல் தரையைப் பார்த்து அலறுகிறவர்களும் உண்டு, "கொஞ்சம்தானே" என்று விடுகிறவர்களும் உண்டு. 1,000 ஹெக்டேரில் அந்தக் கொஞ்சம் 10 டன். விளைச்சலில் நூற்றுக்கு ஒன்று வரை போனால் பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

முகப்பிலேயே உதிர்ந்ததா, பின்னால் போனதா என்று பிரித்துப் பாருங்கள். பின்னால் போனால் முதலில் ஓட்டும் வேகத்தைக் குறையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். உமியோடு மணியும் பறந்தால் விசிறி வேகம் அதிகம். தொட்டியில் அடிபடாத கதிர்த் துண்டு வந்தால் கதிரை அடிக்கும் உருளையான ரோட்டருக்கும் அதன் கீழ்ச்சல்லடைக்கும் நடுவிலுள்ள இடைவெளி அதிகம். உடைந்த மணி வந்தால் ரோட்டர் வேகம் அதிகம். ஒரு தடவைக்கு ஒரு அமைப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரியாக்கியது என்றே தெரியாது.

காலையில 10 மணி வரைக்கும் சும்மா உட்கார வைக்கிறாங்க, ராத்திரி 11 மணிக்கு ஓட்டச் சொல்றாங்க. ஏன் இப்படி?

கோதுமையை ஈரப்பதம் 12.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். கனோலாவுக்கு 8. பனி காய்கிற வரை காலையில் அந்த அளவுக்கு இறங்காது. சிறு துண்டு அறுத்து, மாதிரியை மீட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். இரவு காற்று வறண்டிருந்தால் நள்ளிரவு வரைகூட ஓட்டலாம், பனி இறங்கினால் ஒன்பதுக்கே முடிந்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான தானியத்தை வாங்கி வைப்பது சிபிஎச், 1933-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு. லாரி உள்ளே போனதும் நீண்ட குழாயால் மாதிரி உறிஞ்சி ஈரம், புரதம், 2 மில்லிமீட்டர் சல்லடையில் விழும் சிறு மணி எல்லாம் பார்ப்பார்கள். புரதம் 10.5, 11.5, 13 என்று படிகள், படிக்குப் படி விலை. இந்த நிலையங்களே அறுவடைக்குத் தற்காலிக ஆட்களை எடுக்கின்றன. இயந்திரம் பயம் என்றால் அங்கே மாதிரி எடுக்கும் வேலைக்குப் போகலாம்.

காலைச் சும்மா நேரம் உண்மையில் சும்மா இல்லை. கிரீஸ் அடிப்பது, வெட்டுக்கத்தி பார்ப்பது, பெல்ட், சங்கிலி, ரேடியேட்டர் வலை, கல் தங்கும் கல்பொறியைக் காலி செய்வது எல்லாம் அப்போதுதான்.

நல்ல வெயில், காஞ்ச பயிர். திடீர்னு எல்லாரையும் நிறுத்தச் சொல்றாங்களே?

தீ. வெப்பமும் காற்றும் கூடும் நாளில் உள்ளூராட்சியான ஷையர் "அறுவடை மற்றும் வாகன நடமாட்டத் தடை" அறிவிக்கும், குறுஞ்செய்தியில் வரும். வந்த நிமிடமே ஹெடர் மட்டுமல்ல, காய்ந்த பயிருக்குள் கார்கூட ஓட்டக் கூடாது. "இந்த ஒரு சுற்றை முடிச்சிடறேன்" என்பது சட்டப்படி குற்றம்.

ஹெடரில் தீ பெரும்பாலும் எஞ்சின் பக்கம் தொடங்கும். எக்ஸாஸ்ட், டர்போ மீது படியும் பயிர்த்தூசி, காய்ந்து சூடேறிய பேரிங், இரண்டும்தான் காரணம். நாளுக்கு ஒரு தடவையாவது, கனோலாவில் அதற்கு மேலும், காற்றுப்பீச்சியால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பேரிங் மேல் புதிதாகப் பெயின்ட் கருகிய நிறம், வறுத்த வாசம், கீச்சென்ற சத்தம் எது வந்தாலும் நிறுத்திச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றிய யூட் (பின்புறம் திறந்த சிறு வண்டி) வயலிலேயே நிற்க வேண்டும். பம்பை எப்படிக் கிளப்புவது என்று முதல் நாளே ஒருமுறை கிளப்பிப் பாருங்கள்.

அடைச்சுக்கிட்டா கையால இழுத்து எடுக்கலாமா? மேல கரண்ட் கம்பி இருந்தா?

முதலில் ரிவர்ஸ் கொடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, எல்லாம் சுற்றி நின்றபின்தான் கை வைக்க வேண்டும். முகப்பைத் தூக்கி அடியில் போகும் முன் பூட்டுக்கட்டையை இறக்குங்கள். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். தானியத் தொட்டிக்குள், அடியில் திருகு குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது, இறங்கவே கூடாது. மணல்போல் இழுக்கும், முழங்கால் வரை புதைந்தபின் சொந்த பலத்தில் வெளியேற முடியாது.

கரண்ட் கம்பி அங்கே வயலுக்கு நடுவிலேயே போகும். திருகு குழாய், டெலிஹேண்ட்லர் கை, தெளிப்பானின் மடிக்காத இறக்கை மூன்றும்தான் மாட்டும். மாட்டிவிட்டால் கேபினுக்குள்ளேயே இருந்து ரேடியோவில் சொல்லுங்கள், யாரையும் கிட்டே வரவிடாதீர்கள். வண்டி எரிகிறது என்றால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதம் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துப் பத்து மீட்டர் விலகுங்கள்.

மாட்டுப் பக்கம் என்ன வண்டி ஓட்டணும்?

முன்தூக்கி உள்ள டிராக்டர். வைக்கோல் உருளை ஒன்று 250 கிலோவிலிருந்து அரை டன் வரை இருக்கும். முள்ளில் குத்தித் தூக்கியதும் தாழ்த்திவிட்டு, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கொண்டுபோங்கள். உயரத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் உருளை கைவழியே பின்னோக்கி உருண்டு ஓட்டுநர் மேல் விழும். கூரை வலுவில்லாத பழைய டிராக்டரில் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். உருளையைச் சுற்றிய வலையையும் கயிற்றையும் அறுத்து எண்ணி எடுத்துவிடுங்கள். மாடு அதையும் தின்னும், இரைப்பையில் முடிச்சாகத் தங்கிவிடும்.

தண்ணீர்த் தொட்டி சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். வெயில் நாளில் ஒரு பெரிய மாடு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். மிதவை வால்வு மாட்டிக்கொண்டு ஒரு நாள் தண்ணீர் வரவில்லையென்றால் நூறு மாடு வேலியை உடைக்கும். வாசல் திறந்திருந்ததென்றால் திறந்தபடியே, மூடியிருந்ததென்றால் மூடியபடியே விட வேண்டும். மாட்டை ஓட்டும்போது தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நின்று திரும்பும். கத்த வேண்டியதே இல்லை.

மாட்டோடு வேலை என்றால், கால்நடையிடமிருந்து தொற்றும் க்யூ காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடச் சொல்வார்கள். அது ஆஸ்திரேலியாவில் போடுவது. முதலில் ரத்தமும் தோலும் சோதிப்பார்கள், முடிவு பார்க்க ஏழு நாள் ஆகும். ஊசி போட்டபின் அது பலிக்கவும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் வேலை தொடங்கும் தேதிக்கு மூன்று, நாலு வாரம் முன்பே போய் இறங்குங்கள்.

கொட்டிக் கிடக்கிற கோதுமையை மாடு தின்னா நல்லதுதானே, வீணாகலையே?

செத்துப்போகும். பழக்கமில்லாத மாடு கோதுமையோ பார்லியோ வயிறு நிறையத் தின்றால் இரைப்பை புளித்து அமிலமாகும். தீவனத்தில் சேர்க்கும்போதே நாளுக்கு அரைக் கிலோ, ஒரு கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுவார்கள், கூட வைக்கோலும் இருக்கும். அதனால் மாடு வரக்கூடிய வயலில் சேஸர் பின் சிந்தியது என்றால் அள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். சேமிப்புத் தொட்டி நிற்கும் இடத்து வாசல் திறந்து கிடந்தது, மாடு உள்ளே போயிருந்தது என்றால் உடனே சொல்லுங்கள். மந்தமாய் நிற்பது, இடப்பக்க வயிறு உப்புவது, புளித்த வாடையோடு கழிவது தெரியும்வரை காத்திருந்தால் வைத்தியருக்கு வேலை குறைவு.

மாடு இறைச்சிக்குத்தானே? எனக்கு மனசு ஒப்பலை.

ஆம், தானியத்தோடு சேர்ந்த மாட்டுப் பண்ணை பெரும்பாலும் இறைச்சி மாட்டுக்குத்தான். வெட்டுவது பண்ணையில் இல்லை, லாரியில் ஏற்றி அனுப்புவதோடு சரி. ஆனால் ஏற்றுவதும் காதில் அடையாள வளையம் போடுவதும் உங்கள் வேலையாக வரும். ஒப்பவில்லையென்றால் வெறும் பயிர்ப் பண்ணையாகப் பார்த்துப் போங்கள், மெரெடின், டால்வாலினு பக்கம் நிறைய உண்டு. போனிலேயே சொல்லிவிடுவது மரியாதை. போய் இறங்கியபின் சொன்னால் அவருக்கு வேறு ஆள் கிடைக்காது.

நான் பொண்ணு. தனியாப் போகலாமா?

சேஸர் பின்னும் ஹெடரும் ஓட்டுகிற பெண்கள் அங்கே சாதாரணம். கேட்க வேண்டியவை: அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, குளியலறை யாரோடு பகிர்வது, பண்ணையில் வேறு யார் தங்குகிறார்கள், போன் சிக்னல் எந்த நிறுவனத்துக்கு வரும். கிராமப்புறத்தில் பெரும்பாலும் டெல்ஸ்ட்ராதான் எடுக்கும், யாராக இருந்தாலும் அந்த சிம்மோடு போங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? அம்மா பொடி கொடுத்து விடறேன்கிறாங்க.

அறுவடையில் பல பண்ணைகளில் மதியச் சாப்பாட்டைக் கேபினுக்கே கொண்டுவந்து தருவார்கள். ரொட்டி, இறைச்சி, பழம். சைவம் என்றால் முன்பே சொல்லுங்கள், இல்லையென்றால் பத்து வாரம் தக்காளி ரொட்டிதான். பொடி, ஊறுகாய், மசாலா எது கொண்டுபோனாலும் விமானத்தில் தரும் அட்டையில் உணவு என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டுப் பறிகொடுத்தால் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையும் விதைகளும் வேண்டாம். மண் ஒட்டிய பழைய பூட்ஸையும் கழுவிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு எல்லாம் பெர்த்தின் இந்தியக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

அவங்க ரேடியோல பேசறது புரியலைன்னா?

கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "வடக்குப் பேடாக், இரண்டாவது வாசல், பார்லி" என்று பண்ணைக்காரர் சொன்னால் (பேடாக் என்றால் வேலியிட்ட வயல்) அதையே நீங்களும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். புரியாமல் "ஓகே" போட்டுவிட்டுப் பார்லியைக் கோதுமைத் தொட்டியில் கொட்டியவர்கள் உண்டு, அது 30 டன் கலப்படம். முதல் நாளே பேடாக் பெயர்களோடு வரைபடத்தைப் போனில் வாங்கிக்கொள்ளுங்கள். பண்ணைக்கென்று ஒரு யூஎச்எஃப் சேனல் இருக்கும், சாலையில் லாரிக்காரர்கள் பேசுவது 40.

கைக்கு எவ்வளவு வரும்?

நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர். தற்காலிக ஊழியருக்கு 25 சதவீதம் கூடுதல், ஆக 31.19. பண்ணைகளுக்கான ஊதிய விதியும் அனுபவமும் இதற்கு மேல் தரலாம். தற்காலிக வேலையில் மழை நாளுக்குக் கூலி இல்லை, கொட்டகையில் வேலை கொடுத்தால் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் கம்பெனியாகப் பதியாத குடும்பப் பண்ணைகள் மாநிலச் சட்டத்துக்குள் வரும், எண்கள் சற்று வேறு. எது என்று கேளுங்கள்.

வரி 45,000 டாலர் வரை 15 சதவீதம், முதல் டாலரிலிருந்தே. முதலாளி வேலை-விடுமுறை ஆட்களை வைப்பவராகப் பதிந்திருக்க வேண்டும், நீங்கள் வரிக் கோப்பு எண் எடுத்திருக்க வேண்டும். அதற்கு மேல் முதலாளி 12 சதவீதம் சூப்பர் எனும் ஓய்வுக்காலச் சேமிப்பு கட்டுவார், நம்ம சிபிஎஃப் போல. ஆனால் நாட்டைவிட்டுப் போகும்போது எடுத்தால் அதில் 65 சதவீதம் வரியாகப் போகும். 20,000 டாலர் சம்பாதித்தால் வரி 3,000, சூப்பர் 2,400, அதில் உங்கள் கைக்கு 840. "சூப்பரும் சேர்த்து மணிக்கு இவ்வளவு" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எதையாவது உடைச்சுட்டா சம்பளத்துல பிடிப்பாங்களா?

உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் நியாயமற்ற பிடித்தம் செல்லாது. நடைமுறையில் பண்ணைக்காரர்கள் உடைந்ததற்குக் கோபப்படுவதைவிட, சொல்லாமல் ஓட்டினதற்குத்தான் கோபப்படுவார்கள். முகப்பில் கம்பி போனது தெரிந்து நிறுத்தினால் ஒரு கத்திப்பல் போகும். நிறுத்தாமல் விட்டால் அது ரோட்டர் வரை போய், பாகம் பெர்த்திலிருந்து வரும்வரை அறுவடை நிற்கும்.

இரண்டாவது விசாவுக்கு 88 நாள் வேணுமாமே. ஒரு அறுவடை போதுமா?

பயிர், கால்நடை வேலை மூன்று மாதம் செய்திருந்தால் இரண்டாவது ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதைத்தான் 88 நாள் என்கிறார்கள். மூன்றாவதற்கு இன்னொரு ஆறு மாதம், இரண்டாவது விசாவில் இருக்கும்போது. முன்பே சொன்னபடி ஒரு பருவம் ஆறிலிருந்து பத்து வாரம்தான், அதனால் அறுவடை மட்டும் பெரும்பாலும் எட்டாது. இங்கேதான் மாடும் உள்ள பண்ணை கைகொடுக்கும். அறுவடை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் மேய்ச்சல் காய்ந்தபின் தீவனம் போடவும் வேலி பார்க்கவும் ஆள் வேண்டியிருக்கும். போனில் பேசும்போதே "அறுவடைக்குப் பிறகு மாட்டு வேலை உண்டா" என்று கேளுங்கள்.

அஞ்சல் குறியீடு தகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும், வேலையை ஒப்புக்கொள்ளும் முன் 462-க்குரிய பட்டியலில் பாருங்கள். 417 என்ற வேறொரு விசாவுக்கும் பட்டியல் உண்டு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், முதலாளியின் வணிக எண் மூன்றையும் வாரந்தோறும் போனில் படமெடுத்து வையுங்கள். சம்பளச் சீட்டு இல்லாமல் கையில் ரொக்கமாகக் கொடுக்கிற பண்ணையில் எத்தனை நாள் உழைத்தாலும் அந்த நாளைக் கணக்கில் காட்டுவது கடினம்.